காத்து வரி

வாசற்படியில் குதிகாலை ஒட்டி வைத்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அஞ்சம்மாள் கடலைப் பார்த்து நடக்கிறாள். தப்படிக்கு ஒரு எண், வாய்விட்டு. நூற்றைம்பது வரைக்கும் கூடை சுமந்து பழகிய நடை, விறுவிறுவென்று போகிறது. அதற்குமேல் ஈர மணல் கண்ணில் படுகிறது. அங்கிருந்து கால் சுருங்குகிறது. நூற்றெண்பதில் மணவறைக்குப் போகிற பெண் மாதிரி நடக்கிறாள். இருநூற்று நாலில் அலை வந்து கணுக்காலை நனைக்கிறது. நின்றுவிடுகிறாள்.

"எரநூறு தாண்டிச்சி. எய்திக்கோ வாத்தியாரே" என்கிறாள், திரும்பிப் பார்க்காமல்.

எழுதிக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை எழுதினால் போதும். ஆனால் அவள் அமாவாசை தவறாமல் அளக்கிறாள், அதுவும் கடல் உள்வாங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து. நான் வந்திருந்தால் கணக்கை என்னிடம் சொல்வாள். இல்லாவிட்டால் புருஷன் தேசப்பனிடம். அவனும் கடலுக்குப் போயிருந்தால் கோழிகளிடம்.

மெட்ராஸ் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பாரத்தில், கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை கஜம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு தப்படி ஒரு கஜம் என்பது எங்கள் கணக்கு. இருநூறுக்குக் கீழே போனால் பாலிசி கிடையாது. பாலிசி இல்லாவிட்டால், வீடு கட்டக் கடன் கொடுத்த கூட்டுறவுச் சங்கம் மிச்சக் கடன் முழுவதையும் ஒரே தவணையில் கேட்கும். கேட்டால் கொடுப்பதற்கு அவளிடம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். ஆகவே நூற்றைம்பதுக்கு அப்புறம் வரும் அந்தச் சின்னத் தப்படிகளில்தான் அவள் குடித்தனமே நிற்கிறது. அதனால் நான் அவள் காலைப் பார்ப்பதில்லை. எண்ணை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கால்வாயைத் தோணியில் தாண்டி, மணலில் ஒரு மைல் தெற்கே நடந்தால் அவளுடைய குப்பம். நாற்பது வீடு. முப்பத்தொன்பது பனை ஓலை, ஒன்று மங்களூர் ஓடு. அந்த ஒன்று அஞ்சம்மாளுடையது. ஐம்பது வயதிருக்கும். காது மடலில் ஓட்டை பெரிதாகத் தொங்குகிறது; அதில் இருந்தது எங்கே போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். பேச ஆரம்பித்தால் தோணித்துறை வரை கேட்கும். காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பேசி வந்த குரல்.

தொழில் கருவாடு. சனிக்கிழமை பொன்னேரிச் சந்தையில், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருப்பாள். கருவாட்டை யாரும் முகர்ந்து பார்க்கக்கூடாது. அது அவளுக்கு அவமானம். சந்தேகப்பட்டால் தானே வாலை ஒரு கடி கடித்துக் காட்டுவாள். "உப்பு கம்மின்னா டப்பு குடுக்காத. எடுத்துக்கினு போ" என்பாள். நான் அறிந்த வரையில் யாரும் சும்மா எடுத்துப் போனதில்லை. சொன்ன சொல்லுக்கு நிற்கிறவள். மற்றவர்களும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பினாள் என்பதுதான் அவளிடம் நான் கண்ட ஒரே குறை.

அந்த நம்பிக்கையைப் பாலிசியாக அவளுக்கு விற்றவன் நான். பொன்னேரியில் எனக்கு வாத்தியார் உத்தியோகம். வாத்தியார் சம்பளம் வாங்குகிறவன் இன்சூரன்ஸ் ஏஜென்சி நடத்தக்கூடாது. ஆகவே ஏஜெண்ட் என் மனைவி ரத்னா. ரத்னா இதுவரை ஒரு பாரத்தையும் படித்துப் பார்த்ததில்லை. நானும் முழுக்கப் படித்ததில்லை என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அறுபத்து நாலில் சங்கம் கடன் கொடுத்தது. குப்பத்தில் எல்லாரும் கைநாட்டு வைக்கப் பயந்தபோது அஞ்சம்மாள் மட்டும் வைத்தாள். "எத்தினி வருசம் ஓல மாத்திக்கினே சாவறது" என்று கேட்டாள். எல்லாருக்கும் பின்னால், கடலிலிருந்து இருநூற்றைம்பது தப்படி தள்ளி மனை போட்டாள். அன்றைக்கு எல்லாத் தப்படியும் ஒரே நீளம். செங்கல்லை மண் சாந்து வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி, ஆயிரத்து நூற்று நாற்பது ஓடு வேய்ந்தாள். ஓடு எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

கடன் வேண்டுமானால் புயலுக்கும் வெள்ளத்துக்கும் சேர்த்து வீட்டை இன்ஷூர் செய்தாக வேண்டும் என்று சங்கத்தில் விதி. அதற்காகத்தான் நான் அவள் வீட்டுக்கு முதலில் போனேன். வருஷத்துக்குப் பதினெட்டு ரூபாய் என்றேன். யோசித்தாள். "காத்து அடிச்சி ஊடு பூடுச்சின்னா, கட்டிக் குடுப்பானா?" என்று கேட்டாள். "கட்டாயம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற அதே குரலில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து பிரீமியத்துக்கு அவள் வைத்த பெயர் காத்து வரி.

பாலிசிக் காகிதத்தை அவள் வைத்திருக்கும் விதம் வேறு எங்கும் பார்க்க முடியாது. ஒரு தகர டப்பாவில் சுருட்டிப் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, வலைக்குக் கட்டுகிற மிதப்புக் கட்டை ஒன்றை அதோடு சேர்த்துக் கட்டி, உத்தரத்தில் தொங்க விட்டிருக்கிறாள். "ஊடு முய்கினாலும் காயிதம் மெதக்கணும்ல" என்றாள். கெட்டிக்காரி என்று சிரித்தேன். இப்போது அந்த டப்பாவைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அறுபத்தாறில் ஒரு புயல் வந்தது. குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால், குடிசைக்காரர்கள் கூரைக்குக் கயிறு கட்டமாட்டார்கள். இருக்கிற கயிற்றையும் அறுத்துவிடுவார்கள். ஓலையைப் பிரித்து மணலில் போட்டு வலையால் மூடி, வெறும் எலும்பாக வீட்டை நிற்க வைத்துவிட்டுப் போவார்கள். காற்று உள்ளே நுழைந்து, மறுபக்கம் போய்விடும். கூரை இருந்தால்தான் அது பிடித்துத் தூக்கி, கழி, கால் எல்லாவற்றையும் பிடுங்கும். ஓலை போனால் பனைமரம் இருக்கிறது, கழி போனால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அஞ்சம்மாள் ஓட்டு வீட்டுக்காரி ஆகிவிட்டாளே தவிர, குடிசைக்காரியின் புத்தி அவளை விட்டுப் போகவில்லை. அவளும் தேசப்பனும் ஏணி போட்டு ஏறி, ஆயிரத்து நூற்று நாற்பது ஓட்டையும் கைமாற்றி இறக்கி, வீட்டுக்குப் பின்னால் மணலில் குழி பறித்துப் புதைத்தார்கள். கதவைக் கழற்றி அதன் மேல் போட்டார்கள். ஒரு ராத்திரி அடித்த புயல் பொழுது விடிந்ததும் போயிற்று. சுவர் நின்றது. இரண்டு நாளில் ஓட்டைத் திருப்பி வேய்ந்துவிட்டாள். கம்பெனிக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனி பதினெட்டை இருபத்தேழு ஆக்கியது. கடற்கரை முழுவதற்கும் ரேட்டு ஏறிவிட்டது என்று காகிதம் வந்தது. அதை அவளிடம் படித்துச் சொன்னேன்.

"நா ஒரு ஓடு கேட்டனா?"

"இல்லை."

"அப்பறம் எதுக்கு ஏத்தறான்? மீனு வெல ஏறிச்சின்னா, மீனு பெரிசா கீதுன்னு அர்த்தம். இதுல இன்னா பெரிசாச்சி?"

பயம் பெரிதாயிற்று என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பிரீமியம் ஏறினால் ரத்னாவின் கமிஷனும் ஏறும் என்பதையும் சொல்லவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றபடி, அவள் கருவாடு விற்று மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதியை மெட்ராஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வருஷம் கார்த்திகையில் இன்னொரு புயல் வந்தது. இது ஒரு ராத்திரியோடு போகவில்லை. மூன்று நாள் மழை. அஞ்சம்மாள் வழக்கம்போல ஓடுகளை இறக்கிப் புதைத்துவிட்டு, டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் திரும்பி வந்தபோது கடல் ஐம்பது தப்படி உள்ளே வந்திருந்தது. வீட்டில் கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் இல்லை. மண் சாந்து கரைந்து செங்கல் குவியலாகக் கிடந்தது. அவள் அழவில்லையாம், தேசப்பன் சொன்னான். பின்னால் போய் மணலைத் தோண்டி ஓடுகளை எடுத்து அடுக்கினாளாம். ஒன்றுகூட உடையவில்லை.

"அதான் இன்சூரு கீதே. எதுக்குய்யா பேஜார் பண்ற" என்று சொல்லி, அழுத புருஷனைத் தேற்றினாளாம்.

கம்பெனியிலிருந்து சேதம் மதிப்பிட வந்தவர் பெயர் துளசிராமன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்து, மணலில் மூச்சு வாங்க வந்தார். நல்ல மனிதர்தான். அஞ்சம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். சுவரை அளந்தார். பிறகு அடுக்கி வைத்திருந்த ஓடுகள் அவர் கண்ணில் பட்டன.

"இதென்ன, புது ஓடா?"

"புதுசு இன்னாத்துக்கு? அதே ஓடுதான்" என்றாள் அஞ்சம்மாள். முகமெல்லாம் பெருமை. "நாங்களே எறக்கி வெச்சிட்டோம் சாரு. மொத பொயலுக்கும் இப்டித்தான் எறக்கினோம். நீ எண்ணிப் பாரு, ஆயிரத்து நூத்தி நாப்பது. ஒன்னு ஒடஞ்சிருந்தா கேளு."

அவர் எண்ணவில்லை. எழுதிக்கொண்டார். அவர் பேனா நின்று நிதானமாக எழுதிற்று. அவளைத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் பொய் சொல்லவில்லையே, எதைச் சொல்லித் தடுப்பது.

ஆறு வாரம் கழித்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. வாசலில் உட்கார்ந்து தமிழில் சொன்னேன். கூரையைப் புயல் எடுக்கவில்லை, வீட்டுக்காரர்களே எடுத்திருக்கிறார்கள். கூரை இல்லாத கட்டடத்துக்குள் மழை இறங்கிச் சுவர் கரைந்தது. இது புயலால் வந்த சேதமாகக் கருதப்படாது. ஓடுகள் சேதமின்றி இருப்பதே இதற்கு அத்தாட்சி.

"ஓட்டு மேல கைய வெக்காம உட்டுட்டுப் போயிருந்தா?" என்று கேட்டாள்.

"பறந்திருக்கும். உடைஞ்சிருக்கும். சுவரும் விழுந்திருக்கும்."

"அப்ப குடுப்பானா?"

"கொடுத்திருப்பான்."

அவள் ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் போல, மேல்மனு போடலாம் என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். போட்டேன் கூட. அதற்கு வந்த பதிலை அவளிடம் நான் படித்துக் காட்டவில்லை.

கால்வாய்க்குப் பழவேற்காட்டுப் பக்கம், இறால் வியாபாரி ஆதிகேசவனுக்கு ஓடு போட்ட கிடங்கு ஒன்று இருந்தது. அதற்கும் பாலிசி உண்டு, நான் பிடித்ததுதான். கூண்டு ஏற்றியதாகக் கேள்விப்பட்டதும் அவர் ஒரு பூட்டை மாட்டிவிட்டுப் பொன்னேரியில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். கிடங்கு தரைமட்டம். ஓடெல்லாம் கால்வாயில். துளசிராமன் அதே பயணத்தில் அதையும் அளந்தார். பணம் வந்தது. ஆதிகேசவன் சந்தையில் அஞ்சம்மாளைப் பார்த்து, "நீ எதுக்குமா போயி தொட்ட? பூட்டிக்கினு பூட்டிருக்கணும்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அன்றைக்கு அவள் யாருக்கும் கருவாட்டு வாலைக் கடித்துக் காட்டவில்லை.

வீடு போனாலும் கடன் போகவில்லை. தேசப்பன் படகில் இருந்த தன் பங்கை விற்றான். இப்போது அடுத்தவன் படகில் கூலிக்குப் போகிறான். அஞ்சம்மாளின் காதில் இருந்தது அப்போதுதான் போயிற்று. அதே செங்கல், அதே ஓடு, அதே இடம். தள்ளிக் கட்ட வேறு மனை இல்லை. பின்னால் கால்வாய். கட்டி முடித்ததும் சங்கம் பாலிசியைக் கேட்டது. கம்பெனி அறுபத்தொன்று கேட்டது. இந்த வருஷம் தொண்ணூற்று நாலு. அதோடு அந்தக் கஜக் கேள்வியையும் பாரத்தில் புதிதாகச் சேர்த்திருந்தது. நான் வெட்கமில்லாமல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இன்று ஐப்பசி மாதம், மூன்றாவது சனிக்கிழமை. தொண்ணூற்று நாலு ரூபாய்க்கு ரசீது வந்திருக்கிறது. சந்தையில் அவளைக் காணாததால் அதைக் கொடுக்கக் குப்பத்துக்கே வந்துவிட்டேன். காலையிலேயே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஏழாம் நம்பர் கூண்டாம். கடல் பழுப்பாக இருக்கிறது. முப்பத்தொன்பது வீட்டிலும் ஆட்கள் கூரைமேல் இருக்கிறார்கள். கயிறு அறுபடுகிற சத்தம். ஓலை சரிகிற சத்தம். கோழிகளைக் கூடைபோட்டு மூடிக்கொண்டு பெண்கள் தோணித்துறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

தேசப்பன் ஏணியைச் சாத்தி ஏறி முதல் ஓட்டைப் பிடித்திருக்கிறான். "இந்தாம்மே, வந்து வாங்கிக்க" என்று கூப்பிடுகிறான்.

அஞ்சம்மாள் ஏணியடியில் நிற்கிறாள். கையை நீட்டவில்லை.

"எறங்குய்யா."

"காத்து திரும்பிக்கினு கீதும்மே."

"தெரியுது. எறங்கு."

"ஓடு பூடும்."

"போவட்டும். போனாத்தான் குடுப்பானாம்."

அவன் ஓட்டை விடவில்லை. என்னைப் பார்க்கிறான். அவளும் அப்போதுதான் என் பக்கம் திரும்புகிறாள்.

"நீ சொல்லு வாத்தியாரே. பிரிக்கட்டுமா?"

பிரித்துவிடு, சுவராவது நிற்கும் என்று நாக்கு நுனிவரை வருகிறது. சுவர் நிற்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. பிரித்தபின் நிற்காவிட்டால் பணம் வராது என்று மட்டும் சத்தியம் செய்ய முடியும். சட்டைப் பையில் ரசீது இருக்கிறது. என் கை அந்தப் பைக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அவள் ஏணியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குகிறாள். தேசப்பன் ஓட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு இறங்குகிறான்.

ஏணியை அவளே தூக்கி வீட்டுக்குள் போடுகிறாள். உத்தரத்திலிருந்து டப்பாவை அவிழ்த்து, மிதப்புக் கட்டையோடு இடுப்பில் கட்டிக்கொள்கிறாள். கதவைச் சாத்துகிறாள். அந்தக் குப்பத்தில் எந்தக் கதவுக்கும் பூட்டு கிடையாது. மடியிலிருந்து, காகிதம் பிரிக்காத புதுப் பூட்டு ஒன்றை எடுக்கிறாள். போன சந்தையில் வாங்கியிருக்க வேண்டும். பழக்கமில்லாத கை, சாவி திரும்ப நேரமாகிறது. பூட்டியதும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறாள்.

ரசீதை நீட்டுகிறேன். வாங்கி டப்பாவுக்கும் இடுப்புக்கும் நடுவே செருகிக்கொள்கிறாள். பிறகு என் சட்டைப் பையை ஒரு விரலால் விரித்து, ரசீது இருந்த இடத்தில் சாவியைப் போடுகிறாள்.

"காயிதம் எங்கிட்ட கீது. ஊட்ட நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, தேசப்பனை முன்னால் விட்டுத் தோணித்துறைக்கு நடக்கிறாள்.